பின்பக்கம் இறக்கிய வண்டி

அத்தை மாசமாக இருக்கிறாள், ஊருக்கு வருகிறாள் என்று வண்டிப்பெரியாரிலிருந்து தகவல் வந்ததும் அப்பா செய்த முதல் காரியம், எங்கள் டிரக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்தியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவுக்கே சட்டென்று விளங்கவில்லை. அப்பா விளக்கம் சொல்லிவிட்டு வேலை செய்கிற ஆள் இல்லை.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் நாலாம் வகுப்பு. மலையாள நாட்டு எல்லையோரம், சித்தூர்ப் பக்கத்து வடகரப்பதியில் எங்கள் தோட்டத்தில் தக்காளியும் தென்னையும் இருந்தன. அவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோக, பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய டிரக் ஒன்றை அப்பா வாங்கியிருந்தார். முகம் ஜீப்பைப் போல இருக்கும், பின்னால் மரப்பெட்டி. அந்தப் பெட்டியின் தரை அப்பாவின் இடுப்புக்கு மேல் உயரம். வயிற்றுப் பிள்ளைக்காரி அவ்வளவு உயரம் காலைத் தூக்கி ஏறக்கூடாது என்பது அப்பாவின் கணக்கு.

"ஏனுங்க, ஒரு முக்காலியப் போட்டா ஏறிக்க மாட்டாளாக்கு? அதுக்குப் போயி வண்டியவே எறக்கோணுமா?" என்றாள் அம்மா.

"என்ற தங்கச்சி முக்காலி மேல ஏறி நின்னு, ஊரே பாக்க வண்டி ஏறோணுமா?" என்றார் அப்பா. முக்காலிப் பேச்சு அன்றைக்கு அத்துடன் முடிந்தது.

அந்தத் தங்கச்சியிடம் அப்பா நான்கு வருடமாகப் பேசியிருக்கவில்லை. அத்தை தமிழ் டீச்சர். வண்டிப்பெரியார்ப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனவள், அங்கே தேயிலை பேக்டரியில் ஃபிட்டராக இருந்த ஒருவரைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டாள். அவருடைய முன்னோர் தேனிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை அத்தையின் வயிற்றில் பிள்ளை தங்காமல் போனது. இரண்டு முறையும் அம்மா அழுதாள். அப்பா தென்னந்தோப்புக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வந்தார். இது மூன்றாவது. எஸ்டேட் டாக்டர், இனிமேல் மலையில் இருக்க வேண்டாம், சித்தூர் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டு அம்மா வீட்டோடு இரு என்று சொல்லிவிட்டார். தாத்தாவும் பாட்டியும் எப்போதோ போய்விட்டதால் அம்மா வீடு என்றால் அது அப்பாவின் வீடுதான்.

வண்டியைத் தாழ்த்துவதற்கு அப்பா கண்டுபிடித்த வழி எளிமையானது. டிரக்கின் பின் அச்சுக்கு அடியில், இரண்டு பக்கமும், வில்லைப் போல் வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான். சந்தைக்குப் பக்கத்துப் பட்டறையில் பக்கத்துக்கு இரண்டு பட்டையை உருவச் சொன்னார். வில் தளர்ந்து வண்டியின் பின்பக்கம் தானாக உட்கார்ந்துவிட்டது. பார்த்தால், கன்றுக்குட்டி பின்னங்காலை மடக்கி எழுந்திருக்க யோசிப்பது போல இருந்தது. மிச்சப் பட்டைகள் கீச்சுக்கீச்சென்று கத்தியதால், மாட்டுவண்டி அச்சுக்கு விடுவதைப் போல அவற்றின் இடுக்குகளில் விளக்கெண்ணெய் ஊற்றினார். சத்தம் நின்றது. அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அத்தையையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டோம். அத்தை காலை அதிகம் தூக்காமல் ஏறிவிட்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு முதல் குழி வரைக்கும்தான் இருந்தது. வண்டி குழியில் இறங்கி ஏறியதும் நிற்கவில்லை. மேலே போனது, கீழே வந்தது, மறுபடியும் மேலே போனது, தூளியை யாரோ ஆட்டிவிட்டுப் போனதைப் போல. ஒரு குழியின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த குழி வந்தது. பின்னால் மெத்தையில் படுத்திருந்த அத்தை இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டாள். மாமா பெட்டியின் ஓரத்தில் காலை ஊன்றி, அத்தையின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு மட்டும் அந்தப் பயணம் மிகவும் பிடித்திருந்தது.

வீடு வந்து சேர்ந்த சாயங்காலம் அத்தைக்கு இடுப்பு வலித்தது. அம்மா சுகாதார நர்ஸைக் கூட்டிவந்தாள். நர்ஸ் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் வருகிற திங்கட்கிழமை சித்தூரில் டாக்டர் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், போகிற வழியில் துளியும் குலுங்கக் கூடாது என்றாள். பஸ் என்றால் மூட்டை முடிச்சுகளோடு நெரிசல். எங்கள் தோட்டத்துக்கு வருகிற மண்தடமான இட்டேரியில் கல் துருத்திக்கொண்டிருந்ததால் வாடகைக் காருக்கு அடி தட்டும். மாட்டுவண்டியை யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. மிச்சமிருந்தது டிரக்தான்.

அப்பா அத்தையிடம் பேசத் தொடங்கிவிட்டார். "சாப்ட்டியா" என்று ஒரு நாளைக்குப் பல முறை கேட்பார். மாமாவிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மாமாவும் வீம்புக்காரர், அவராகவும் பேசவில்லை. பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தவர், மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் ஒரு சாக்கை விரித்து டிரக்குக்கு அடியில் படுத்துவிட்டார். அப்பா வாசலில் வந்து நின்று பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அடியில என்ன வேலைன்னு கேளு."

நான் குனிந்தேன். "மாமா, அடியில என்ன வேலைன்னு அப்பா கேக்கறாருங்க."

"பட்டை எத்தனையக் கழத்துனாருன்னு ஒங்கப்பாகிட்டக் கேளு, தாயி."

"பட்டை எத்தனை கழட்டுனீங்கன்னு கேக்கறாருங்க."

"பக்கத்துக்கு ரண்டு."

"பக்கத்துக்கு ரெண்டுங்களாம், மாமா."

மாமா அடியிலிருந்து விரலை வெளியே நீட்டினார். விரல் பளபளத்தது. "இது என்ன எண்ணெய்னு கேளு."

அப்பாவுக்கு இதெல்லாம் காதில் நன்றாக விழுந்தது; அவர் நின்றது நான்கு எட்டுத் தூரத்தில். ஆனாலும் நான் நிமிர்ந்து, திரும்பி, கேட்ட பிறகுதான் பதில் சொன்னார். "வெளக்கெண்ணெ. பட்டை கத்துச்சு, உட்டேன். வண்டியச்சுக்கு உடறதில்லையா?"

சொன்னேன். அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "சரிதேன். மாட்டுக்கும் ரெண்டு கரண்டி குடுத்தாரான்னு கேளு."

"மாட்டுக்கும் ரெண்டு கரண்டி குடுத்தீங்களான்னு மாமா கேக்கறாருங்க."

அப்பா கொஞ்ச நேரம் தென்னை மரத்தைப் பார்த்தார். "அவிய ஊர்ல தேயிலைச் செடிக்குத்தான் குடுப்பாங்களான்னு கேளு."

இப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அதை நான் மூன்று விதிகளோடு செய்தேன். ஒரு வார்த்தையும் குறைக்கக் கூடாது. ஒரு வார்த்தையும் கூட்டக் கூடாது. சொல்கிறவரின் பக்கம் முதுகைக் காட்டி, கேட்கிறவரைப் பார்த்து நின்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது விதி எதற்கென்று தெரியவில்லை. அது இருந்தால் வேலைக்கு ஒரு மரியாதை இருப்பதாகத் தோன்றியது.

நான் பள்ளிக்கூடம் போனால் வேலை நின்றுபோகும். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது, டிரக்குக்கு இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். சக்கரம் கழற்றிக் கிடந்தது. கையிலிருந்த ஸ்பேனரை அப்பா துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"பாருங்க, கலெக்டர் வந்தாச்சு," என்றாள் அம்மா. "இனி ஆபீசு நடக்கும்."

மாமா முதலில் சொன்ன வைத்தியம் தப்பாகப் போனது. மலையில் காலி ஜீப் குதித்தால் பின்னால் மண்மூட்டை போடுவார்களாம்; பாரம் ஏறினால் ஆட்டம் அடங்கும் என்றார். அப்பா ஒரு பரீட்சை வைத்தார். தோப்பில் இறக்கின புதுக் கள்ளை ஒரு பானையில் முக்கால் அளவு ஊற்றி, வண்டியில் அத்தை படுக்கும் இடத்தில் வைக்கோல் பிரிமணை மேல் நிறுத்தினார். சித்தூர்ப் பக்கம் கள் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், புதுக் கள் குலுங்கினால் நுரைத்துப் பொங்கிவிடும். நுரை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு குலுக்கல்.

"புள்ளத்தாச்சி படுக்கற எடத்துல கள்ளுப்பானையா!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"குலுங்கறது யாருக்குத் தெரியும், பானைக்குத்தான் தெரியும்," என்றார் அப்பா. அதை மாமாவிடமும் சொல்லச் சொன்னார்.

மண்மூட்டைகளோடு இட்டேரியில் போய்த் திரும்பினார்கள். இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள், நடுவில் நான். ஏற்கெனவே தாழ்ந்திருந்த பெட்டி மூட்டைப் பாரத்தில் இன்னும் தாழ்ந்து, ஒவ்வொரு கல்லிலும் அச்சு மேலே வந்து சட்டத்தில் டங்கென்று இடித்தது. திரும்பி வந்து பார்த்தால் பானையில் பாதிதான் இருந்தது. வண்டி, மெத்தைத் துணி, வைக்கோல் எல்லாம் கள் வாடை. மாமா பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மலையில ஓட்டற வண்டிக்கும் இங்க ஓட்டற வண்டிக்கும் வித்தியாசம் இருக்குன்னு சொல்லு," என்றார் அப்பா. முதல் விதிப்படி சொன்னேன். மாமாவின் முகம் கறுத்தது. அன்று மத்தியானம் அவர் தன் பெட்டியை எடுத்துச் சட்டையை மடித்து வைக்கத் தொடங்கினார். அத்தை கட்டிலிலிருந்து எழுந்திருக்காமலே, மெதுவாக, "வண்டி சரியாகாம எப்படிப் போவீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் சட்டையை மறுபடி வெளியே எடுத்தார்.

அன்று சாயங்காலம் அம்மா அத்தையிடம் அலுத்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஏம்புள்ள, கழட்டுன பட்டையப் பழையபடி மாட்டிப்போட்டு, ஒரு முக்காலியப் போட்டா முடிஞ்சுது. ரண்டு பேருக்கும் ஒரைக்க மாட்டீங்குது. நாஞ் சொல்லட்டுமா?"

"சும்மா இருங்கண்ணி," என்றாள் அத்தை. "வேலை நடக்கட்டும்."

அம்மா அத்தையையே பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். அந்த வாரம் முழுக்க அவள் முக்காலியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பின்னாளில் பாலிடெக்னிக்கில் இதே பட்டைகளைப் படமாக வரைந்து படித்தபோது, வடகரப்பதி டிரக்கில் எத்தனை கோளாறு ஒரே நேரத்தில் இருந்தது என்று எனக்குப் புரிந்தது. பட்டை குறைந்ததால் வில் இளகிவிட்டது. பெட்டி தாழ்ந்ததால் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்கள் முழுக்க அமுங்கி, அடிதட்டிக் கெட்டுவிட்டன. எல்லாவற்றுக்கும் மேல் அந்த விளக்கெண்ணெய். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால்தான் ஆட்டம் சீக்கிரம் நிற்கிறது; அந்தக் கீச்சுச் சத்தத்தை அப்பா வைத்தியம் பார்த்து வாயடைத்துவிட்டார்.

அப்போது இதையெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சுமந்தது நான்தான். எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ வேண்டும், பட்டைகளைத் திரும்பப் போட வேண்டும், கோயமுத்தூரிலிருந்து புது ஷாக் அப்சார்பர் வேண்டும் என்று மாமா சொன்னார். நான் சொன்னேன். பட்டையைப் போட்டால் வண்டி பழைய உயரத்துக்கு ஏறிவிடுமே என்று அப்பா கேட்டார். நான் கேட்டேன். மாமா பட்டையின் கனத்தை விரலால் அளந்து பார்த்தார். நான் இருவருக்கும் நடுவில் தயாராக நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அப்பா மெல்லக் குனிந்து, அந்த வாரத்தில் முதல் முறையாக, தானும் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். "பட்டை அச்சுக்கு அடியிலதான போகுது? அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு கட்டையக் குடுத்தா?" என்றார். மாட்டுவண்டியில் பாரம் சாய்ந்தால் அச்சின் மேல் கட்டை கொடுத்துச் சரிசெய்வது அவருக்குக் கைவந்தது. "பட்டை கீழ போகும். பட்டையோட பொட்டியும் கீழ போகுமல்லொ? சொல்லு அம்மிணி."

நான் சொல்லத் தொடங்குமுன், மாமா இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு ஸ்பேனரைச் செருகிப் பார்த்தார். ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைத் தொட்டார். அது பட்டையின் தாங்கலில் மாட்டியிருந்தது. பட்டையோடு அதுவும் இறங்கும், அமுங்கிக் கிடக்காது.

"சரியா வரும்," என்றார். "இரும்புல செய்யணும். மரம் வேணாம். போல்ட்டு நீளமா வேணும். சொல்லு தாயி."

அன்று நான் சொன்ன வாக்கியங்களில் அதுதான் நீளமானது. ஒன்றும் விடவில்லை.

சந்தைக்குப் பக்கத்துப் பட்டறையில் நான்கு விரல் கனத்துக்கு இரண்டு இரும்புக் கட்டைகள் அடித்தார்கள். எண்ணெயைக் கழுவி, பழைய பட்டைகளையும் கோயமுத்தூரிலிருந்து வந்த ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்துச் சனிக்கிழமை எல்லாம் மாட்டி முடித்து, மறுபடி கள்ளுப்பானையை ஏற்றினார்கள். இட்டேரியில் பட்டைகள் பழையபடி கீச்சிட்டன. அப்பா ஒவ்வொரு கீச்சுக்கும் முகத்தைச் சுளித்தார். ஆனால் குழியில் இறங்கிய வண்டி ஏறி, ஒரே ஆட்டத்தில் நின்றது. பானையில் நுரை விளிம்புக்குக் கீழேயே இருந்தது.

"கள்ள வீணாக்க வேண்டாம்னு மாமாகிட்டச் சொல்லு," என்றார் அப்பா. அதைச் சொல்லி முடித்ததும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை சித்தூருக்குப் புறப்பட்டோம். பின்னால் மெத்தையில் அத்தை, பக்கத்தில் மாமாவும் அம்மாவும். முன்னால் அப்பாவும் நானும். ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில்லாத ஒரு சதுர ஜன்னல் இருந்தது. நான் சீட்டில் மண்டியிட்டு, அந்த ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டேன். என் வேலைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. "கல்லு வருதுன்னு சொல்லு." "கல்லு வருதுங்களாம்." "எப்படி இருக்கான்னு கேளு." "நல்லா இருக்காங்களாம்." அத்தை கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒவ்வொரு முறை நான் வாய் திறக்கும்போதும் அவள் உதடு துடித்தது. வலிக்கிறது என்று நினைத்தேன்.

சித்தூரை நெருங்கும்போது கால்வாயில் ஒரு யானை குளித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் படுத்து, ஒரு காலை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டியிருந்தது. பாகன் அந்தக் காலைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலிலிருந்து முகத்தை எடுத்து வெளியே எட்டிப் பார்த்தேன்.

அந்த இடத்தில்தான் கால்வாய்ப் பாலத்து மேடு. எதிரில் ஒரு மாடு குறுக்கே வந்ததால் அப்பா ஒதுங்கினார். அதே வேகத்தில் மேடு வந்துவிட்டது, மெதுவாக ஏற முடியவில்லை.

"அம்மிணி, சொல்லு, மேடு..." என்றார். நான் யானையிடம் இருந்தேன். அடுத்த நொடி அவர் கழுத்தைத் திருப்பாமலே கத்தினார்: "மாப்ளெ! அவளப் புடிச்சுக்குங்க, மேடு வருது!"

"புடிச்சிட்டேன் மச்சான், நீங்க போங்க!"

வண்டி மேட்டில் ஏறியது. பின்பக்கம் எழுந்தது, இறங்கியது, நின்றது. அவ்வளவுதான். மறு ஆட்டம் இல்லை. பட்டைகள் மட்டும் ஒரு முறை நீளமாகக் கீச்சிட்டன.

அப்பா பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். கை இரண்டும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன.

"ஒண்ணுமில்ல மச்சான்," என்று மாமாவின் குரல் என் காதுக்குப் பக்கத்தில் ஜன்னல் வழியாக நேராக வந்தது. "அசையவே இல்ல. அப்பிடியே படுத்திருக்கா."

"ஓ," என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, "மாப்ளெ, அந்தப் பக்கம் போல்ட்டு ஒருக்கா பாத்துப்போடுங்க," என்றார். மாமா இறங்கிப் போய்க் குனிந்தார். அப்பாவும் இறங்கினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, இருந்தும் இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி முற்றம் பள்ளமாக இருந்ததால், ரோட்டோரத்தில் நின்ற வண்டியிலிருந்து அங்கே இறங்க உயரமாகிவிட்டது. அம்மா சாக்குக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தாள். முக்காலி. அதை வாங்கிக் கீழே போட்டவர் அப்பா. ஆடாமல் காலால் அழுத்திக்கொண்டவர் மாமா. அத்தை அதன்மேல் ஏறி நின்று, ஊரே பார்க்க இறங்கினாள்.

டாக்டரம்மா உள்ளே வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, பயப்பட ஒன்றுமில்லை என்பதை மலையாளத்தில், "ஒண்ணும் பேடிக்கண்டா" என்றாள். அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை முழுக்கத் துடைத்தார். அந்தக் குழந்தை தங்கியது. மார்கழியில் பிறந்து, எங்கள் வீட்டிலேயே தவழ்ந்தது.

திரும்பும்போது மாமா முன்னால் உட்கார்ந்துகொண்டார். என்னைப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். நான் சதுர ஜன்னலில் முகத்தை வைத்தேன். இருவரும் பட்டையைப் பற்றி, மழையைப் பற்றி, மலையில் தக்காளி என்ன விலை என்று பேசிக்கொண்டே வந்தார்கள். ஓர் இடத்தில் அப்பாவின் குரல் எஞ்சின் சத்தத்தில் அமுங்கியது. நான் சட்டென்று, "மாமா, அப்பா என்ன சொன்னாருன்னா..." என்று தொடங்கினேன்.

"கேட்டுச்சு தாயி," என்றார் மாமா, திரும்பாமலே.

நான் மெத்தையோரம் போய் உட்கார்ந்து அழத் தொடங்கினேன். ஏங்கண்ணு என்று அத்தை கேட்டாள். யானையைப் பார்த்துக்கொண்டு மேட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதனால் என் வேலை போய்விட்டது என்றேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடப் பையோடு டிரக்குக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இனி யானை வந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று நான்காவது விதி ஒன்றைச் சேர்த்திருந்தேன். அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். என்னைத் தாண்டி, தோப்புப் பக்கம் நடந்துபோனார்கள். மணியடிக்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை.